வெள்ளிக்கிழமை வா

மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் பொன்னுத்துரைக்குத் தூக்கு என்று ஜட்ஜ் வாசித்து முடித்ததும், ஜெய்தூன் பீவி வராந்தாவுக்கு வந்து தம்பி அப்துல் சுக்கூரிடம் கல்கண்டு வாங்கி வரச் சொன்னாள். சுக்கூர் காதில் விழாதவன் போல நின்றான்.

"என்னலே முழிக்கிற? கல்கண்டு. நல்லதா பாத்து வாங்கு."

வாங்கி வந்ததைத் தன் கையாலேயே கொடுத்தாள். டவாலிச் சேவகனுக்கு, வக்கீல் குமாஸ்தாவுக்கு, வரப்புத் தகராறுக்காக வாய்தாவுக்கு வந்து காத்திருந்த முன்பின் தெரியாத நாலு பேருக்கு. கடைசியில் தூணோரமாக இரண்டு பிள்ளைகளை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்திக்கும் நீட்டினாள். அவள் பொன்னுத்துரையின் பெண்டாட்டி அய்யம்மாள். ஜெய்தூனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நீட்டினாள்.

இப்படியும் ஒரு பொம்பளையா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஒரே ஒரு பிள்ளையைப் பெற்று, இருபத்திரண்டு வயது வரை வளர்த்து, அதை ஓலைப்பாயில் சுருட்டி மாட்டுவண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்குவதைப் பார்த்துவிட்டு, பிறகு வந்து கேட்கட்டும்.

ஜெய்தூனின் புருஷன் திண்டுக்கல் பேகம்பூரில் சின்னதாக ஒரு தோல் மண்டி வைத்திருந்தவர். அவர் மவுத்தான பிறகு மண்டியை அவள் தூக்கி நிறுத்தினாள். மகன் முனீர் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஆட்டுத்தோல் வாங்கி வருவான். அவள் உப்புப் போட்டு அடுக்குவாள். பச்சைத்தோல் ஒரு பொழுது தாங்காது. உப்புப் பிடித்துவிட்டால் மாசக்கணக்கில் கிடக்கும். மகனுக்கு அவள் கற்றுக்கொடுத்த தொழில் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான். "தோலைப் பாரு. ஆட்டைப் பாக்காத." ஓட்டை விழுந்திருக்கிறதா, கத்தி பட்டிருக்கிறதா, அது போதும். யார் வீட்டு ஆடு, எப்படிச் செத்தது என்று விசாரிக்க ஆரம்பித்தால் சைக்கிள் காலியாகத்தான் திரும்பும்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில், அகரத்தில் பொன்னுத்துரையின் கிடா களவு போனது. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டு மூன்று வருஷம் வளர்த்த கிடா. கன்னங்கரேலென்று இருக்கும், முதுகில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. அந்தக் கிடாயைத் தெரியாதவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. மூன்றாம் நாள், முனீர் சைக்கிளில் கட்டியிருந்த தோல்கட்டின் மேலேயே அந்த வெள்ளை தெரிந்தது. சடையாண்டியின் டீக்கடை வாசலில் பொன்னுத்துரை சைக்கிளை மறித்தான்.

எவனிடம் வாங்கினாய் என்று கேட்டான். பேர் தெரியாது என்றான் முனீர். அது நிஜம்தான். யாருடைய கிடா என்று கேட்டு வாங்க மாட்டாயா என்றான் பொன்னுத்துரை. முனீர் சிரித்தான். "அண்ணே, எங்கம்மா சொல்லிருக்கு. தோலைப் பாரு, ஆட்டைப் பாக்காதன்னு." டீக்கடையில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

பொன்னுத்துரை வீட்டுக்குப் போனான். உட்கார்ந்து கம்பஞ்சோறு சாப்பிட்டான். கையைக் கழுவினான். கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு குடகனாற்றுப் பாலத்துக்குப் போய் நின்றான். முனீர் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். திரும்பினான்.

கிடாயைத் திருடியவன் எவன் என்று கடைசி வரை தெரியவில்லை. அவன் இன்னும் எங்கேயோ சௌக்கியமாகக் கறி தின்றுகொண்டுதான் இருப்பான்.

பொன்னுத்துரை குற்றத்தை ஒப்புக்கொண்டான். வாய்த் தகராறு நடந்த இடத்திலேயே கை ஓங்கியிருந்தால் ஆத்திரம் என்று சொல்லலாம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து வெட்டியதை ஆத்திரம் என்று எப்படிச் சொல்வது என்று ஜட்ஜ் கேட்டார். அந்தக் கேள்வியை ஜெய்தூன் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் யார் எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "சோறு தின்னுட்டு வந்து வெட்டுனான்."

ஆனால் அதே கோர்ட்டில் சடையாண்டி சாட்சிக் கூண்டில் ஏறி, முனீர் சொன்னதையும் ஒரு எழுத்து விடாமல் சொன்னான். எங்கம்மா சொல்லிருக்கு. கோர்ட்டில் இருந்த அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. அந்த வார்த்தை அன்றைக்கு அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. நகர மாட்டேன் என்றது. பொன்னுத்துரை தொங்கினால் அந்த வார்த்தையும் கூடவே தொங்கிவிடும் என்று அவள் நம்பினாள். கல்கண்டு அதற்கும் சேர்த்துத்தான்.

மெட்ராஸ் ஹைகோர்ட்டும் தூக்கை உறுதிப்படுத்தியது. மிச்சம் இருந்தது கவர்னருக்குக் கருணை மனு. செத்தவனின் தாயே மன்னிப்பதாகக் கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு ஒரு கனம் வரும் என்று பொன்னுத்துரையின் வக்கீல் சொல்லிவிட்டார். அவர் கனம் என்றுதான் சொன்னார். அகரத்துக்காரர்கள் அதைச் சாவி என்று புரிந்துகொண்டார்கள். பேகம்பூரிலும் அப்படித்தான். கொலைக்குப் பழி வாங்குவதும் மன்னிப்பதும் செத்தவனின் வாரிசுக்குள்ள உரிமை என்று மார்க்கம் சொல்கிறது. சர்க்கார் சட்டம் வேறு மாதிரி என்று யார் நினைத்துப் பார்த்தார்கள்? ஆக, கயிற்றின் ஒரு முனை ஜெய்தூன் கையில் இருக்கிறது என்று இரண்டு ஊரும் நம்பியது. எல்லாரையும்விட அதிகமாக அவள் நம்பினாள்.

அகரத்துப் பெரியதனக்காரர் மொக்கைச்சாமி, அய்யம்மாளைக் கூட்டிக்கொண்டு மண்டிக்கு வந்தார். ஜெய்தூன் அவர்களை உப்புப் போட்ட தோல் அடுக்குக்குப் பக்கத்தில் நிற்க வைத்தே பேசினாள். அந்த வாடை அவளுக்குப் பழகிப்போனது. அவர்களுக்குக் குடலைப் புரட்டட்டும்.

"பாயம்மா, நடந்தது தப்பு. நூத்துக்கு நூறு தப்பு," என்றார் மொக்கைச்சாமி. "ஆனா அவனைத் தூக்குல போட்டா உங்க புள்ள திரும்பி வந்துருவானா?"

"போடலைன்னா வந்துருவானா?"

மொக்கைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கில்ல. ரெண்டு சின்னப் புள்ளைக இருக்கு. அதுக என்ன பாவம் பண்ணுச்சு?"

"எம்புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? சொல்லிட்டுப் போங்க."

பக்கத்து வீட்டு குர்ஷித் பேகம் கதவிடுக்கிலிருந்து குரல் கொடுத்தாள். "ஒருத்தனைப் போட்டாத்தான் நாலு பேருக்குப் பயமிருக்கும்! இல்லன்னா ஆளுக்கொரு அருவாளைத் தூக்கிட்டு வருவான்."

"அப்படிப் பயப்படுறவனா இருந்தா ஏம்மா சோத்தைத் தின்னுட்டுப் போயி வெட்டப்போறான்? அந்த நேரத்துல எவனுக்கும்மா கயிறு ஞாபகத்துக்கு வருது?" என்றார் மொக்கைச்சாமி. நல்ல பேச்சுத்தான். ஆனால் சோறு என்ற சொல்லை அந்த வீட்டில் எடுத்திருக்கக் கூடாது. ஜெய்தூன் எழுந்து நின்றாள்.

"நீங்க போங்க பெரியவரே. வேணுங்கிறது இவளுக்குத்தான? இவ வரட்டும். தனியா வரட்டும்." அய்யம்மாளை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை வா. சொல்றேன்."

வெள்ளிக்கிழமை அய்யம்மாள் வந்தாள். அகரத்திலிருந்து ஆறு மைல் நடை. இடுப்பில் ஒரு கூடைக் கத்தரிக்காய். தோட்டத்தில் அன்று காலையில் பறித்தது, காம்பு வாடவில்லை. ஜெய்தூன் கூடையை வாங்கி, கொல்லையில் கட்டியிருந்த ஆட்டுக்கு முன்னால் அப்படியே கவிழ்த்தாள்.

"இன்னும் யோசிக்கல. அடுத்த வெள்ளிக்கிழமை வா."

அடுத்த வெள்ளி அவரைக்காய் வந்தது. அதுவும் ஆட்டுக்குத்தான். "ஜும்ஆ முடிஞ்சு ஹஜரத்தைக் கேக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை வா." பள்ளிவாசல் ஹஜரத்தைக் கேட்கவும் செய்தாள். "பழி கேக்குறது உன் உரிமைதான்மா, ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. ஆனா மன்னிச்சா, அல்லாகிட்ட அதுக்கு இருக்கிற கூலி தனி," என்றார் அவர். உரிமை என்ற பாதியை மட்டும் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மூன்றாம் வெள்ளி அவளை உட்காரச் சொன்னாள். அய்யம்மாளுக்கு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பாவி, எதற்கு உட்கார வைக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அன்னிக்கு உம்புருசன் என்ன சாப்பிட்டான்?"

அய்யம்மாள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. "கம்பஞ்சோறு."

"வெஞ்சனம்?"

"கருவாட்டுக் கொழம்பு."

"யாரு போட்டா?"

"நாந்தேன்."

"ரெண்டாந்தடவை கேட்டானா?"

அய்யம்மாள் அழ ஆரம்பித்தாள். "கேட்டாரு பாயம்மா. போட்டேன்."

"அருவாளை எடுத்தப்ப பாத்தியா?"

"வெறகு வெட்டன்னு நெனச்சேன். சத்தியமா வெறகு வெட்டத்தேன்னு நெனச்சேன்."

ஜெய்தூன் அவள் அழுது முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். முனீர் போன பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கிய முதல் நாள் அது. அன்றைக்கு இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். அந்தப் பாழும் திருப்தியை அவள் யாரிடமும் மறைக்கவுமில்லை.

நாலாம் வெள்ளி மறுபடியும் "அடுத்த வெள்ளிக்கிழமை வா". தூக்குக்கு நாள் குறிக்கிறவரை இப்படியே இழுத்து, கடைசி வெள்ளியன்று முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அதுதான் அவள் திட்டம். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் வெள்ளி அய்யம்மாள் கூடை இல்லாமல் வந்தாள். உட்காரவும் இல்லை.

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் பாயம்மா. நேத்து ஜெயிலுக்குப் போயிருந்தேன். இனிமே அந்தம்மாகிட்டப் போயி நிக்காதேங்கிறாரு. கையெழுத்து வேணாமாம். சீக்கிரம் போட்டாத் தேவலையாம். கண்ணை மூடுனா அந்தப் பய சிரிக்கிறான், என்னால முடியல, நான் போய்ச் சேந்துர்றேங்கிறாரு." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "நான் இனி வர மாட்டேன். உங்களுக்கும் சிரமம்."

ஜெய்தூன் இத்தனை நாளும் மனசுக்குள் ஒரு பொன்னுத்துரையை வைத்திருந்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னை விட்டுருங்க, புள்ளகுட்டிக்காரன் என்று கதறிக்கொண்டிருந்தான். நிஜப் பொன்னுத்துரையோ, வேலை முடிந்தது வீட்டுக்குப் போறேன் என்கிற கூலியாள் மாதிரி, போய்ச் சேருகிறேன் என்கிறான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கயிறு இறுக எவ்வளவு நேரம் ஆகும்? வெற்றிலை மடிக்கிற நேரம். அதோடு முனீரின் சிரிப்பு அவனுக்கு நின்றுவிடும். அவளுக்கு நிற்குமா? அவள் மட்டும் கிடந்து வேக வேண்டும், அவன் குழிக்குள் குளுகுளுவென்று படுத்திருப்பானாமா? அவன் கேட்பதையா அவள் கொடுப்பாள்?

"நில்லுடி. அந்தக் காகிதம் எங்க?"

கார்பன் வைத்து டைப் அடித்த இரண்டு பிரதிகளையும் அய்யம்மாள் மடியிலேயே வைத்திருந்தாள். இறந்தவனின் தாயாகிய நான் முழு மனதுடன் மன்னிக்கிறேன் என்று இங்கிலீஷில் என்னவோ அடித்திருந்தது. ஜெய்தூன் பேனாவை எடுத்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. ஓதப் பள்ளியில் படித்த அரபு எழுத்தில் தமிழை எழுத வரும். அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் கடிதாசி எழுதுவது அதில்தான். வலமிருந்து இடமாக, இரண்டு பிரதியிலும், மையைத் தொட்டுத் தொட்டு எழுதினாள்.

இவனை நான் மன்னிக்கவில்லை. இவனைச் சாகவிட வேண்டாம். என் மகன் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாளும் இவனுக்கு விடியக் கூடாது. இப்படிக்கு, முனீரைப் பெற்ற ஜெய்தூன்.

அய்யம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்ன பாயம்மா எழுதிருக்கீக?"

"எம்பேரு."

"இம்புட்டு நீளமாவா?"

"எம்பேரு நீளம். எடுத்துட்டுப் போ."

அய்யம்மாள் தொபுக்கென்று காலில் விழுந்தாள். ஜெய்தூன் காலை இழுத்துக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. தூக்கு ரத்து, ஆயுள் தண்டனை. எதற்காகக் குறைத்தார்கள் என்று அந்த உத்தரவில் ஒரு வரி கிடையாது. குறைத்தவர்களுக்கு அரபு எழுத்துப் படிக்கத் தெரிந்ததா, கையெழுத்தைப் பார்த்தார்களா, இல்லை வேறு காரணமா, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பேகம்பூரிலும் அகரத்திலும் எல்லாருக்கும் தெரியும், ஜெய்தூன் பீவி மன்னித்துவிட்டாள்!

அங்கே பிடித்தது சனி. அடுத்த ஜும்ஆத் தொழுகையில் ஹஜரத் அவளைப் பற்றியே பயான் பேசினார். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீர் ஓதித் தரச் சொன்னார்கள். "நான் அவனை மன்னிக்கல ஹஜரத்," என்று நேரே போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவர் கண் கலங்கி, "இப்படி மறைக்கிறதுதாம்மா உம் பெரிய மனசு," என்றார். இவரிடம் என்னத்தைச் சொல்ல? தம்பி சுக்கூரிடம் சொன்னாள். அவன், "தெரியும்கா, உனக்குப் பெருமை பிடிக்காது," என்றுவிட்டுத் தோலை உதறப் போய்விட்டான்.

நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒருத்தி வந்தாள். அண்ணனைப் பங்காளி குத்திக் கொன்றுவிட்டானாம். "ஏனுங்கம்மா, உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? எனக்கு அவனை நெனச்சாலே பத்திக்கிட்டு வருதுங்க," என்றாள். முனீர் போன பிறகு ஜெய்தூனுக்குப் பிடித்த முதல் ஆள் அவள்தான். கையைப் பிடித்து உட்கார வைத்து, "விடாத. கயித்துல ஏத்தாம விடாத. நான் பண்ண தப்ப நீ பண்ணிராத," என்றாள். அவளோ போகிற வழியெல்லாம், அந்தம்மா நம்மைச் சோதித்துப் பார்க்கிறது என்று சொல்லிக்கொண்டு போய், பங்காளியோடு சமாதானமாகிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. ஜெய்தூன் தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றிலும் பெரிய தண்டனை அய்யம்மாள். வெள்ளிக்கிழமைகளை அவள் விடவேயில்லை. மழையா, வெயிலா, கூடையோடு வந்து நிற்பாள். கத்தரிக்காய், தக்காளி, முதல் ஈடு மல்லிகை. "உங்க புண்ணியத்துல" என்றுதான் ஒவ்வொரு பேச்சையும் ஆரம்பிப்பாள். உங்க புண்ணியத்துல மகள் சமைந்தாள். உங்க புண்ணியத்துல கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது. ஆடு கத்தரிக்காய் தின்று கொழுத்தது.

மூன்றாம் வருஷம் ஒரு வெள்ளியன்று, "உங்க புண்ணியத்துல அவருக்கு ஒடம்பு தேறிருக்கு," என்றாள். "நெசவுக் கொட்டடியில போட்டுருக்காக. மூணு வேளையும் சோறு. வாரத்துக்கொருக்கா வெஞ்சனம் மாத்தி."

ஜெயில் என்றால் கல்லுடைப்பு, சவுக்கு, களி என்று நினைத்துக்கொண்டிருந்தவள் ஜெய்தூன். அவள் சின்ன வயசில் கேள்விப்பட்ட வெள்ளைக்காரன் காலத்து ஜெயில் அது. மூணு வேளை சோறு! என் பிள்ளையைச் சோறு தின்றுவிட்டு வந்து வெட்டியவனுக்கு, நானே கையெழுத்துப் போட்டு, மூணு வேளை சோறு!

மறுநாளே பஸ் ஏறி மதுரைக்குப் போய், பொன்னுத்துரையின் வக்கீல் வீட்டு வாசலில் நின்றாள். எதிர்த்தரப்பு வக்கீல்தான், மனு எழுதியவர் அவர்தானே.

"தப்புப் பண்ணிட்டேன் வக்கீலய்யா. அவனைத் தூக்குலயே போடச் சொல்லி இன்னொரு மனு எழுதுங்க."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார். "குறைச்சது குறைச்சதுதாம்மா. மாத்த முடியாது."

"நாந்தான குறைக்கச் சொன்னேன்? நானே சொல்றேன், போடுங்க."

"அம்மா, நீங்க இப்ப மனசு மாறி வந்திருக்கீங்க. அவனை அன்னிக்கே தொங்கவிட்டு, இன்னிக்கு நீங்க மாறி, ஐயோ மன்னிச்சிருக்கலாமேன்னு வந்திருந்தா? நான் யாருக்கு மனு எழுதுறது? சுடுகாட்டுக்கா? நான் தூக்கே வேணாங்கிறது அதுக்காகத்தான். மனுஷன் மனசு மாறும். கயிறு மாறாது."

"நான் மன்னிக்க வரலையே வக்கீலய்யா."

"அது தெரியுது," என்றார் வக்கீல். காபி கொடுக்கச் சொன்னார். அவள் குடிக்கவில்லை.

வருஷங்கள் போயின. முனீரைப் பற்றி அப்புறம் யாரும் பேசுவதில்லை. பேசினால் அந்த மன்னிப்பைப் பற்றித்தான். அவன் எப்படிச் சிரிப்பான், சைக்கிள் மணியை எப்படி அடிப்பான், மீன் முள்ளுக்கு எப்படிப் பயப்படுவான் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. அவளுக்கே அவன் முகம் மங்கிக்கொண்டு வந்தது. கண்ணை மூடி எவ்வளவு இழுத்தாலும் ஓலைப்பாய்தான் வந்தது, முகம் வரவில்லை. வந்தது அந்த ஒரு வார்த்தை மட்டும்தான். எங்கம்மா சொல்லிருக்கு.

அறுபத்தாறில் பொன்னுத்துரையை விட்டுவிட்டார்கள். நன்னடத்தையாம். விடுதலையான நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிகிற நேரத்துக்கு மண்டி வாசலில் வந்து நின்றான். அய்யம்மாள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

ஜெய்தூன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். தலை பஞ்சாக நரைத்திருந்தது. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்த உடம்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை பரபரத்தது. கொல்லையில் தோல் சீவுகிற கத்தி இருக்கிறது என்பதும் ஞாபகம் வந்தது.

"நன்றி சொல்ல வந்தியா? வேணாம். உம்பொண்டாட்டி பன்னெண்டு வருசமாச் சொல்லிட்டா."

"நன்றி சொல்ல வரல பாயம்மா." மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். மடிப்பு மடிப்பாக இற்றுப்போய், துணியில் ஒட்டி வைத்திருந்த காகிதம். மனுவின் இரண்டாம் பிரதி. இங்கிலீஷுக்குக் கீழே அவளுடைய எழுத்து.

"ஜெயிலுக்குள்ள மேலூர்ப் பக்கத்து பாய் ஒருத்தரு இருந்தாரு. அவர்கிட்டக் காட்டுனேன். படிச்சிட்டு மடிச்சுக் குடுத்துட்டாரு, சொல்ல மாட்டேனுட்டாரு. விடாமக் கெஞ்சுனேன். மூணாம் நாள் சொன்னாரு." அவன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஊரே நீங்க மன்னிச்சிட்டீகன்னு சொல்லுச்சு. என் வீட்டுக்காரி இன்னிவரைக்கும் அப்படித்தேன் நம்பிட்டிருக்கா. நான் அவகிட்டச் சொல்லல. நீங்க மன்னிக்கலன்னு எனக்குத் தெரியும்."

பன்னிரண்டு வருஷமாக அவள் சொல்லி ஒருவரும் நம்பாததை இவன் ஒருவன் நம்பியிருக்கிறான்! ஜெய்தூன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மூணு வேளையும் தின்னு நல்லாத்தான இருந்த?"

"சோத்துலதேன் பாயம்மா அவன் வருவான்," என்றான் பொன்னுத்துரை. "தின்னுட்டுத்தான போனேன் அன்னிக்கு. தட்டை வச்சதும் எதுக்க வந்து உக்காந்துக்கிருவான். திங்காமக் கெடந்து பாத்தேன். வாயத் தொறந்து குழாயை விட்டு ஊத்துனாக. ஜெயில்ல சாக விட மாட்டாக. மூணு வேளை சோறுன்னா மூணு வேளையும் வந்தான். நீங்க எழுதுன மாதிரிதேன், ஒரு நாள் தப்பல." காகிதத்தை அவள் முன்னால் தரையில் வைத்தான். "இப்ப வெளிய விட்டுட்டாக. வெளிய வந்து என்ன பண்ணணும்னு இதுல நீங்க எழுதல. அதான் கேக்க வந்தேன். போதுமா? போதும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தோட்டத்துல கிணறு இருக்கு. நான் போய்ச் சேந்துர்றேன்."

அவன் மிரட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். அன்றைக்கு இரண்டு ஊரும் சேர்ந்து நம்பிய அந்தக் கயிறு, இன்றைக்குத்தான் உண்மையிலேயே அவள் கைக்கு வந்திருந்தது. ஜட்ஜ் இல்லை, கவர்னர் இல்லை, அவள் ஒருத்தி மட்டும். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனியில் நின்றது. கல்கண்டு வாங்க சுக்கூரை அனுப்பலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"எப்படி வருவான்?" என்று கேட்டாள்.

"சிரிச்சிக்கிட்டு."

"பல்லு தெரியுமா?"

"தெரியும். இந்தப் பக்கத்துல ஒரு பல்லு மேல ஏறிருக்கும்ல, அது தெரியும்."

ஆமாம். இடது பக்கம். ஒரு பல் ஏறித்தான் இருக்கும். அவளே மறந்துபோயிருந்தாள். ஜெய்தூனின் முகம் கோணியது.

"என்ன சொல்லுவான்?"

பொன்னுத்துரை தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்குச் சொன்னதுதேன்."

"அது நான் சொல்லிக்குடுத்தது."

"தெரியும் பாயம்மா."

தெருவில் தொழுகை முடிந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"போதாது," என்றாள் கடைசியில். குரல் பழைய குரலாகவே இருந்தது. "அதுக்குள்ள போய்ச் சேரலாம்னு பாக்குறியா? நான் விட மாட்டேன். எங்கிட்ட வராதவன் உங்கிட்ட மூணு வேளையும் வாரானா? அடுத்த வெள்ளிக்கிழமை வா. மத்தியானம் வா. நான் சோறு போடுறேன், எம்முன்னால உக்காந்து தின்னு. அவன் வந்ததும் எங்க உக்காந்திருக்கான்னு எனக்குக் காட்டு."